நாற்பதாவது ஆள்

திங்கட்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும்,
எந்தச் சங்கிலி என்று.

பீச் ஸ்ட்ரீட்டில் ஓர் அச்சகத்துக்கு மேலே
இரண்டாம் மாடியில் எங்கள் அலுவலகம்.
மூன்று பேர், ஒரு ஏர்கான்,
அது ஒழுகுவதற்கு ஒரு வாளி.
பதினோரு பணமாற்றுக் கடைகள்
எங்களை நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்கின்றன.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில்
சம்பளம் விழுந்த இரவே
பரமக்குடிக்கும் போக்ராவுக்கும் கிளம்புகிற பணத்தை
எந்த பிளாக்செயினில் பதிவது?

பொதுச் சங்கிலியில் எல்லாரும் இருக்கிறார்கள்.
பினாங்குப் பாலம் மாதிரி.
சிமெண்டு லாரி, கல்யாணக் கார்,
ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிய மோட்டார்காரன்.
யாரும் யாரையும் கேட்காமல் ஏறலாம்.
போன வெள்ளிக்கிழமை
உலகத்தின் ஏதோ ஒரு மூலையில்
கண்ணாடி போட்ட தவளைப் படங்கள் ஏலம் போயின.
பாலம் அடைத்துக்கொண்டது.
முந்நூறு ரிங்கிட் அனுப்பிய சுக்மாயாவுக்குக்
கட்டணம் பத்தொன்பது ரிங்கிட்.
அவள் அந்தத் தவளையைப் பார்த்ததுகூட இல்லை.

தனிச் சங்கிலி அப்படியில்லை.
பணத்துக்கென்றே செய்தது.
தவளை கிடையாது, விளையாட்டு கிடையாது,
பதிவுக்கு இரண்டு சென்.
கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.
"ஓடறவன் திடல்ல ஓடுவானா, பாசார் மாலாம்ல ஓடுவானா?"
என்கிறான் லோகவர்மன்.
அவன் பேச்சில் நியாயம் இருக்கிறது.
எப்போதும் இருக்கிறது, அதுதான் தொந்தரவு.

ரஹ்மத் நிஷா வேறு மாதிரி கேட்டாள்.
சூலியா தெருவில் நாலடி அகலக் கடை அவளுடையது,
கம்பிக்குப் பின்னால் எட்டு நாட்டு நோட்டு.
"ராத்திரி ரெண்டு மணிக்கு நின்னுபோச்சுன்னா
யாரை எழுப்புறது?"

ஏழு காவலர்கள் என்றேன்.
ஐந்து பேர் தலையசைத்தால் கணக்குச் செல்லும்.
"பேரு இருக்கா?"

பேர் இருந்தது. முகவரியும் இருந்தது.
அன்றிரவு ஒவ்வொன்றாகப் படித்தேன்.
மூன்று பேருக்கு
கோலாலம்பூரில் ஒரே கட்டடம், ஒரே மாடி.
இன்னும் இருவருக்கு ஒரே தொலைபேசி எண்.
மூன்றும் இரண்டும் ஐந்து.
ஐந்து தலைகளை அசைக்க
இரண்டு கழுத்துகள் போதும்.
அந்த எண்ணை அழைத்துப் பார்த்தேன்.
மணி அடித்தது.
பிறகும் அடித்தது.

ஞாயிறு மாலை பட்டர்வொர்த்துக்குப் படகேறினேன்.
கதவை மூடப்போன ஆள்
அதைப் பிடித்துக்கொண்டே நின்றார்,
ஓடிவந்த ஒருவனுக்காக.
அவன் ஏறியதால்
ஒரு சொட்டு டீசல் கூடியிருக்குமா?
பயணச்சீட்டின் பின்புறத்தில் கணக்குப் போட்டேன்.
நாற்பது பேர் பணத்தை ஒரே மூட்டையாகக் கட்டி
பொதுச் சங்கிலியிலேயே ஏற்றினால்,
மூட்டை பெரிது, கட்டணமும் ஏறும்,
இருந்தும் ஆளுக்கு ஒரு ரிங்கிட்டைத் தாண்டாது.

"அப்போ நாற்பது பேர் சேர்றவரைக்கும்
காத்திருக்கணுமே" என்றான் லோகவர்மன்.
ஆமாம்.
நாற்பது சேரும்வரை, இல்லையென்றால் விடியும்வரை.
"அங்கே வீட்டில பாத்துக்கிட்டிருப்பாங்களே."
அதற்கும் ஆமாம்தான்.
வேறு பதில் என்னிடம் இல்லை.

முதல் சம்பள இரவு.
ஒன்று ஐம்பதுக்குத் திரையில் முப்பத்தொன்பது.
இரண்டரைக்கும் முப்பத்தொன்பது.
இருபத்திரண்டாவதாக
சுக்மாயாவின் முந்நூறு ரிங்கிட்.
வாளியில் சொட்டு விழுகிறது.
எல்லாரும் தூங்கியிருப்பார்கள்,
அல்லது இரவு ஷிப்டில் இருப்பார்கள்.
இந்த விதியை எழுதியவள் நான்தான்.

என் கணக்கிலிருந்து என் கணக்குக்கே
பத்து ரிங்கிட் அனுப்பினேன்.
எண்பத்தொரு சென் பிடித்துக்கொண்டார்கள்,
அதாவது நாங்கள்.

மூட்டை போயிற்று.
வாளி நிரம்பியிருந்தது,
எடுத்துக் கொட்டிவிட்டு வந்தேன்.